சொட்டும் அமிலமும் அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும்

பெரம்பலூரில் மாணவர் விடுதி ஒன்றுக்கு வெந்நீர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. விடுதிக்காரரின் தம்பி அமெரிக்காவில் இருக்கிறார். தன் வீட்டில் ஓடும் கேஸ் ஹீட்டரின் கையேட்டை அனுப்பி, "இதையே வாங்கி மாட்டிடலாம்ணே" என்று சொல்லிவிட்டார். தொட்டி இல்லாத ஹீட்டர். குழாயைத் திறந்தால் பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். கேஸும் வழக்கமானதைவிடக் குறைவாகவே பிடிக்குமாம்.

கையேட்டில் ஒரு படம் மட்டும் விடுதிக்காரருக்குப் பிடிபடவில்லை. ஹீட்டரின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, கல் நிரப்பிய டப்பாவுக்குள் நுழைந்து, அங்கிருந்து சாக்கடைக்குப் போகிறது. குளிக்கிற தண்ணீர் வேறு குழாயில் போகிறதே, அப்படியானால் இது என்ன தண்ணீர்? சாக்கடைக்குப் போகிற தண்ணீருக்குக் கல் எதற்கு? இந்த இரண்டு கேள்விகளோடு பெரம்பலூரிலும் அரியலூரிலும் போய்ப் பார்த்ததை எழுதுகிறேன்.

துறைமங்கலம்: புகைக்குழாயில் வந்த தண்ணீர்

படத்தில் இருக்கும் ரக ஹீட்டர் பெரம்பலூர்க் கடைகளில் கண்ணில் படவில்லை. கரண்ட் கீசர் இருக்கிறது, சோலார் இருக்கிறது, சிறிய கேஸ் கீசர் இருக்கிறது. அந்தக் கேஸ் கீசரை மாட்டிய வீடு ஒன்று துறைமங்கலத்தில் இருப்பதாகவும், மார்கழி பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் சொட்டுவதாகவும் தெரிந்த பிளம்பர் சொன்னார். அவரோடு போனேன்.

பின்புறச் சுவரில் கீசர். அதன் தலையிலிருந்து அலுமினியப் புகைக்குழாய் கிளம்பி, சுவரோரமாகவே நீளமாகப் படுத்துப் போய், கடைசியில் வெளியே எட்டிப் பார்க்கிறது. புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகக் கூடாது என்று அப்படிச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"மேல டேங்க் பைப்தான் கசியுதுன்னு ஜாயின்ட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன் சார். ஒரு பொட்டுக் கசிவு இல்ல" என்றார் பிளம்பர்.

"குளிச்சு முடிச்ச பெறகுதாங்க ஜாஸ்தியா சொட்டுது. குளிக்காத நேரத்துல காஞ்சு கெடக்கும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

விடை அதிலேயே இருந்தது. டேங்க் கசிந்தால் நேரம் பார்க்காமல் சொட்டும். இது அடுப்பு எரிந்த பிறகு மட்டும் சொட்டுகிறது. அதாவது, அடுப்பிலிருந்து வரும் தண்ணீர்.

எல்.பி.ஜி.யில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் ஹைட்ரஜன் நிறைய. எரியும்போது அது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் காலியாகும்போது 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிறந்து போயிருக்கும். நம் கண்ணில் படாததற்குக் காரணம், அது கொதிக்கும் ஆவியாகப் புகையோடு கலந்து வெளியேறிவிடுவதுதான். புகையின் சூடு 50 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் ஆவி துளியாகும். சாதாரண கேஸ் கீசரில் புகை 100 டிகிரிக்கு மேலேயே வெளியே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே நீளக் குழாயும் மார்கழிக் காலையும் சேர்ந்து புகையை வழியிலேயே ஆற்றிவிட்டன.

பிளம்பர் ரசமட்டத்தை எடுத்துக் குழாயின்மேல் வைத்தார். குமிழி வெளிப்பக்கமாக ஏறி நின்றது. வெளிமுனை உயரம், கீசர்ப் பக்கம் பள்ளம். உருவான துளியெல்லாம் திரும்ப கீசரை நோக்கியே ஓடி வருகிறது. எல்போவின் மடிப்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. கீசரின் மேல்மூடித் தகட்டில் திருகாணியைச் சுற்றித் துரு.

கையோடு பி.எச். தாள் கொண்டுபோயிருந்தேன். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு விற்கிற சாதாரணத் தாள்தான். ஒரு சொட்டை அதில் வாங்கியதும் மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பியது. அட்டையோடு ஒப்பிட்டால் 4-ஐ ஒட்டி வருகிறது. தக்காளிச் சாற்றின் புளிப்பு.

"மழைத் தண்ணி மாதிரி சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் பிளம்பர்.

பார்வைக்குச் சுத்தம்தான். ஆனால் புகையிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்திருக்கிறது. தீயின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் கொஞ்சம் எரிந்து, நைட்ரிக் அமிலமாக இறங்குகிறது. கசிவு தெரியட்டும் என்று கேஸில் கலக்கும் நாற்றப் பொருளில் கந்தகம் உண்டு. அதன் பங்கும் சேர்கிறது. மூன்றும் சேர்ந்துதான் அலுமினியத்தைப் பொடியாக்கியிருக்கின்றன.

வைத்தியம் எளிது. குழாயின் நீளத்தைக் குறைத்து, வெளிப்பக்கம் சரியும்படி வாட்டம் மாற்றினால் போதும். பிளம்பர் அதைச் செய்ய ஆரம்பித்தார். புகைக்குத் தடங்கல் வந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். கதவு சாத்திய குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டி உயிர்போன செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வருவது அதனால்தான். இந்த வீட்டில் வெளிச்சுவரில் மாட்டியிருந்தது புத்திசாலித்தனம்.

வேண்டுமென்றே சொட்ட வைக்கும் ஹீட்டர்

துறைமங்கலத்தில் கோளாறாக இருந்ததையே அமெரிக்கக் கையேட்டு ஹீட்டர் வேலையாக எடுத்துச் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த ஆவியை உள்ளேயே துளியாக்கிவிட்டால் வெப்பம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்காக இந்த ஹீட்டரில் இரண்டு வெப்பமாற்றிகள். முதலாவது, தீக்கு நேர் மேலே. அதைத் தாண்டி வரும் புகையை எவர்சில்வர் குழாய்களாலான இரண்டாவது மாற்றியின் ஊடே விடுகிறார்கள். உள்ளே நுழையும் பச்சைத் தண்ணீர் முதலில் இந்தக் குழாய்களில்தான் ஓடுகிறது. புகை அதைத் தொட்டு ஆறுகிறது, ஆவி துளியாகிச் சொட்டுகிறது, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் தீக்கு மேலே போகிறது.

பழைய ரகத்தில் கேஸின் சூட்டில் 80 சதவீதம் சொச்சம் தண்ணீரில் ஏறும். இதில் 95 வரை ஏறும். இங்கிலாந்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர்கள் 2005 ஏப்ரலிலிருந்து பொதுவாக இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் தொட்டியில்லா ஹீட்டர்களில் இது சகஜம்.

ஆக, அடியிலிருந்து வரும் சொட்டு ஹீட்டர் மிச்சம் பிடித்த வெப்பத்துக்கான அத்தாட்சி. எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவு சேமிப்பு. சொட்டுவது நின்றுபோனால் சேமிப்பும் நின்றுவிட்டது என்று பொருள். அந்தச் சொட்டு அமிலமாக இருப்பதையும் தவிர்க்க முடியாது. இதை விளங்கிக்கொண்டால், படத்திலிருந்த மெல்லிய குழாயை யாரும் உபரி என்று நினைக்க மாட்டார்கள்.

நான்கு ரோடு: ஏசி மெக்கானிக்கின் பாடம்

இப்படிக் குளிர்ந்து இறங்கும் தண்ணீரை வெளியேற்றும் கலை பெரம்பலூருக்குப் புதிதா என்றால், இல்லை. நான்கு ரோடு பக்கம் மருத்துவமனைகளின் பக்கச்சுவர்களை அண்ணாந்து பார்த்தால் போதும். ஏசிக் குழாய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. சில ஒழுங்காகப் பிடிப்புப் போட்டு இறங்குகின்றன. சில பாதியில் தொய்ந்து, சுவரில் பச்சைப் பாசிக் கோடு போட்டிருக்கின்றன.

ஏணியில் நின்று சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் கையேட்டுப் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இது நம்ம டிரெயின் பைப்புதான சார்? தண்ணிய யாரும் தள்ளி விடப்போறதில்ல. அதுவா எறங்கணும். வாட்டம் இல்லைன்னா ரூமுக்குள்ளதான் கொட்டும்."

அவர் சொன்னது மூன்று விஷயம். முழு நீளத்துக்கும் ஒரே சீராக வாட்டம் வேண்டும். நடுவில் எங்கும் தொய்வு கூடாது; தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் பாசி பிடிக்கும், பாசி அடைத்தால் தண்ணீர் பின்வாங்கும். குழாயின் முனை தண்ணீருக்குள் முங்கக் கூடாது. காற்றில் திறந்து நிற்க வேண்டும். "வாளியில பைப்ப முக்கி வச்சுட்டு, ஏசி ஒழுகுதுன்னு போன் பண்ணுவாங்க" என்று சிரித்தார்.

கையேடு சொல்வதும் இவைதான். அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் இருந்தால் கவலையில்லை. ஹீட்டரில் வரும் அளவைவிடக் குழாயை வழியில் எங்கும் சிறுக்கக் கூடாது. சாக்கடை வாய்க்கும் குழாய் முனைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அப்போதுதான் அடைத்துக்கொண்ட சாக்கடை ஹீட்டருக்குள் ஏறாது. பாதுகாப்பு வால்விலிருந்து வரும் வெந்நீர்க் குழாயை இதோடு இணைக்கக் கூடாது. ஒன்று அடைத்தால் இரண்டும் கெடும். தண்ணீர் பின்வாங்கினால் ஹீட்டர் தானே நின்று, பிழை எண்ணைக் காட்டும்.

ஹீட்டருக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. அது யூ வளைவு. கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருப்பது போன்றதுதான். பல ஹீட்டர்களில் உள்ளேயே வைத்துத் தருகிறார்கள். கழுவுதொட்டியில் அது சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. இங்கே, புகை இந்தக் குழாய் வழியாக வெளியே வராமல் தடுக்கிறது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கதவு. முதல் தடவை ஓட்டுவதற்கு முன் அதில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும் என்று கையேடு அழுத்திச் சொல்கிறது.

மாணவர் விடுதிக்கு இது முக்கியம். மே மாதம் விடுமுறை. கத்திரி வெயிலில் ஹீட்டர் சும்மா கிடந்தால் வளைவிலிருக்கும் தண்ணீர் வற்றிவிடும். ஜூனில் திறந்து அப்படியே ஓட்டினால் புகைக்குக் கதவு திறந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர்களின் கவலை நேர்மாறானது. 2010 டிசம்பர்க் குளிரில் பிரிட்டனில் வெளிச்சுவரில் ஓடிய இந்தக் குழாய்கள் உறைந்து, ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றுபோனது. கையேட்டில் உறைபனிக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறார்கள். பெரம்பலூரில் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, வற்றிப்போவதைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்த டப்பா எதுக்கு? ஏசிக்கு இதெல்லாம் கெடையாதே" என்றார்.

ஏசித் தண்ணீர் அறைக் காற்றின் ஈரம். அதில் அமிலம் இல்லை, அதனால் டப்பாவும் இல்லை. மூன்று பாடங்கள் ஊர்க்காரருக்கு ஏற்கெனவே தெரியும். பாக்கி இருந்தது இந்த டப்பா மட்டும்தான்.

விடுதி மாடியில் ஒரு கணக்கு

விடுதியின் மொட்டை மாடியில் ஹீட்டர் மாட்ட இடம் பார்த்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய இரும்புக் குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. "அதுலயே சேத்துடலாம்" என்றார் கொத்தனார். சேர்த்தால் சில ஆண்டுகளில் குழாயின் உட்புறம் அரித்துப்போகும். தாமிரமும் ஜி.ஐ.யும் இந்தத் தண்ணீருக்குத் தாங்காது. பி.வி.சி. தாங்கும். தனியாக பி.வி.சி. இறக்குவது என்று முடிவானது. அது கீழே போய்ச் சேரும் இடமோ சிமெண்ட் வாய்க்கால், அதற்கப்பால் செப்டிக் டேங்க். அமிலம் சிமெண்டையும் தின்னும்.

எவ்வளவு தண்ணீர் வரும்? முந்நூறு மாணவர்கள், ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீர் என்று வைத்தால் நாளைக்கு 6,000 லிட்டர். டேங்கில் 28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 42-க்கு ஏற்றினால் போதும். இந்த ஹீட்டருக்கு நாளைக்கு ஏழரைக் கிலோ கேஸ் பிடிக்கும். பழைய ரகத்துக்கு எட்டரைக் கிலோவுக்கு மேல். மிச்சம், நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஆண்டில் 250 நாள் ஓடினால் 19 கிலோ வணிக சிலிண்டரில் பதினைந்தாவது மிஞ்சும். எரிந்த கேஸிலிருந்து பிறக்கும் தண்ணீர் 12 லிட்டர். அதில் பாதிக்கு மேல் துளியாகும் என்று வைத்தால், நாள்தோறும் அரை வாளி அமிலத் தண்ணீர்.

அரியலூர்: டப்பாவுக்குள் போகும் கல்

பெரம்பலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில் அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஊர் நெருங்க நெருங்கச் சாலையோரச் செடிகளின் நிறம் வெளுக்கிறது. எதிரே வருவதும் முன்னே போவதும் சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி. அரசு சிமெண்ட் ஆலை இங்கே 1979-இல் வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இழுத்து வந்தது மண்ணுக்கடியில் இருக்கும் கல்.

ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பது அந்தக் கடலின் சிப்பிகள்தான். 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். 'அரியலூர்க் குழுமம்' என்ற பெயர் உலகப் புவியியல் ஏடுகளில் புழங்குகிறது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் உள்ளங்கை அகலச் சிப்பிகளையும் சுருள் நத்தை வடிவ அம்மோனைட்டுகளையும் பார்க்கலாம். ஓட்டின் வரிகள்கூட அழியவில்லை.

சிப்பி என்றால் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து, கார்பன் டை ஆக்சைடை விட்டு, அமிலத்தின் வீரியத்தை ஆற்றிவிடும். டப்பாவுக்குள் நடப்பது இவ்வளவுதான். வெளிநாட்டில் அதற்கு 'நியூட்ரலைசர்' என்று பெயர் போட்டு, சுண்ணாம்புக்கல்லோ சலவைக்கல்லோ சில்லுகளாக நிரப்பி விற்கிறார்கள்.

குவாரியில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் டீக்கடையில் கிடைத்தார். எந்தக் கல் ஆகும் என்று கேட்டேன்.

"கழுவுற ஆசிட் ஒரு சொட்டு ஊத்திப் பாருங்க தம்பி. புஸ்ஸுன்னு பொங்கிச்சுன்னா சுண்ணாம்பு. சும்மா கெடந்தா ஜல்லி."

சாலையோரம் லாரியிலிருந்து உதிர்ந்து கிடந்த சில்லு ஒன்றில் அவரே ஊற்றிக் காட்டினார். நுரைத்துப் பொங்கியது. பெரம்பலூரிலிருந்து கொண்டுபோன கருங்கல் ஜல்லியில் ஊற்றினார். நனைந்தது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு பெரம்பலூர்க்காரர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கல் நிரப்பச் சொன்னால் கைக்கெட்டிய கருங்கல் ஜல்லியைக் கொட்டிவிடுவார்கள். பார்க்க டப்பா நிறைந்திருக்கும். அமிலம் அமிலமாகவே போகும். சாத்தனூரில் படுத்திருக்கும் புகழ்பெற்ற கல்மரமும் இந்த விஷயத்தில் கருங்கல் கட்சிதான். அது சிலிக்காவாக மாறிய மரம். இந்த அமிலத்துக்கு அசையாது.

துறைமங்கலத்துச் சொட்டைச் சின்ன பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன். சுண்ணாம்புச் சில்லுகளைக் கழுவி அதில் போட்டேன். பொங்கவில்லை, இது அவ்வளவு வீரியமான அமிலம் கிடையாது. சில்லுகளின் மேல் குண்டூசித் தலையளவுக் குமிழிகள் சில ஒட்டி நின்றன. அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து தாளை நனைத்தேன். ஆரஞ்சு வரவில்லை, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். ஆறரையை ஒட்டியிருந்தது.

நேரம்தான் இங்கே சூட்சுமம். தண்ணீர் கல்லைத் தடவிக்கொண்டு ஓடிவிட்டால் பலனில்லை; தங்க வேண்டும். அதனால்தான் கையேட்டு டப்பாவில் வெளிவழி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் கல் முழுவதையும் நனைத்து நிரம்பிய பிறகே வெளியேறும். நாளுக்குச் சில கிராம் கல்தான் கரையும். ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து, தேய்ந்த அளவுக்கு நிரப்பி, வெளிவரும் தண்ணீரில் ஒரு தாளை நனைத்துப் பார்த்தால் போதும்.

இதே கல் வேறு இடத்தில் பகை

அரியலூர்ப் பக்கம் போர் தண்ணீரில் வெந்நீர் வைக்கும் வீடுகளில் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் வெள்ளையாகத் தோல் பிடித்திருக்கும். கரைந்த சுண்ணாம்பு, சூடு பட்டதும் திரும்பவும் கல்லாகிறது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதுதான் நடக்கும். உப்பு படிந்த குழாய் சூட்டை வாங்காது. புகை ஆறாது. ஆறாவிட்டால் துளி விழாது. விடுதியில் சொட்டு குறைந்துபோனால், முதலில் பார்க்க வேண்டியது உள்ளே படிந்த உப்பை. சிட்ரிக் அமிலத்தையோ வினிகரையோ உள்ளே சுற்றவிட்டு அதைக் கழுவ வேண்டும். போர் தண்ணீரை நேரடியாகக் கொடுக்காமல் மென்நீராக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

வாங்கலாமா?

நான்கு பேர் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு 100 லிட்டர் வெந்நீர் வைத்தாலும், இந்த ஊர் வெயிலில் டேங்கிலேயே பாதி சூடு ஏறியிருக்கும் தண்ணீருக்கு, ஆண்டு முழுவதும் மிச்சமாவது அரை சிலிண்டர். அதற்காக விலையுயர்ந்த ஹீட்டரும் டப்பாவும் தனிக் குழாயும் கட்டுப்படியாகாது. சோலார் போதும்.

விடுதிக்கு, மருத்துவமனைக்கு, கல்யாண மண்டபத்துக்குக் கணக்கு வேறு. அங்கே ஹீட்டரை எங்கே மாட்டுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, சொட்டு எந்த வழியாக இறங்கி, எந்தக் கல்லைத் தாண்டி, எங்கே போய்ச் சேரும் என்பது. விடுதிக்காரரிடம் சொன்னதும் இதைத்தான். விலைப்பட்டியலில் இந்தக் குழாயும் டப்பாவும் தனி வரியாக இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். கல்லுக்குக் கப்பல் வேண்டாம். அரியலூர்ச் சில்லு ஒரு சாக்கு வாங்கி வைத்தால் பல ஆண்டுக்கு வரும்.